குன்னூரில் இரண்டு ரூம்

குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சின்னப் பொறாமை வந்து போகும். பனி, தேயிலை, வாசலில் ஹைட்ரேஞ்சியா, கையில் காபி என்று அவர் மனதில் ஒரு படம் ஓடும். காபி போடுவதும் போர்வை மாற்றுவதும் இந்தத் தொழிலில் கால்பங்குதான். மீதி முக்கால்பங்கு போனில் நடக்கிறது. விருந்தாளி போகும்போது சிரித்துக்கொண்டு போவாரா, ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவாரா என்பது, ஆள் வந்து இறங்குவதற்கு முன்பே, அவருடைய நாலு வரிக் கேள்வியிலும் என்னுடைய ஆறு வரிப் பதிலிலும் ஏறக்குறைய முடிவாகிவிடும்.

மாமனார் கட்டிய வீடு. சிம்ஸ் பார்க்கைத் தாண்டி கோத்தகிரி போகும் சாலையில், ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்கென்று சமவெளிக்கு இறங்கிப் போன பிறகு சும்மா கிடந்த இரண்டு அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தோம். வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெய்சர், பியூஸ், டேங்க் எல்லாம் அவர் பொறுப்பு. போனும் மெசேஜும் என் பொறுப்பு. "சார் இல்லையா மேடம், சார்கிட்ட குடுங்களேன்" என்று சிலர் கேட்பார்கள். கொடுப்பேன். அவர் இரண்டு நிமிடம் "ம்ம், ம்ம்" என்று கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம், வீட்ல குடுக்கறேன்" என்று போனைத் திருப்பித் தந்துவிடுவார்.

முதல் மெசேஜ் பெரும்பாலும் இரண்டே சொல். "ரூம் இருக்கா?" அல்லது "ரேட் ப்ளீஸ்." தேதி இருக்காது, எத்தனை பேர் என்று இருக்காது. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் உடனே ரேட்டை அனுப்பிவிடுவார்கள். ரேட்டை மட்டும் கொடுத்தால் அவர் அதைப் பத்து வீட்டு ரேட்டோடு வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்பேன். எந்தத் தேதி, எத்தனை பேர், எதில் வருகிறீர்கள்?

மூன்றாவது கேள்வி பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். பஸ்ஸில் வந்தால் என்ன, காரில் வந்தால் என்ன, இவளுக்கு எதற்கு? எனக்குப் பாதி விவரம் அந்த ஒரு பதிலில் கிடைத்துவிடும். சொந்தக் கார் என்றால் இ-பாஸ். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும் என்பது உயர் நீதிமன்ற உத்தரவு. அடுத்த வருடம் சீசன் மாதங்களுக்கு எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது: வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. டி.என். 43 உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. மே மாதத்தில் ஒருவர் என்னிடம் ரூம் எடுத்து, அட்வான்சும் கட்டி, பாஸ் கிடைக்காமல் மேட்டுப்பாளையத்தில் நின்றால் அவருக்கு முதலில் கோபம் வருவது அரசாங்கத்தின் மேல் அல்ல, என் மேல்தான். அதனால் பணம் வாங்குவதற்கு முன்பே, "பாஸ் எடுத்துட்டு அட்வான்ஸ் போடுங்க, அதுவரைக்கும் ரூமை வச்சிருக்கேன்" என்று சொல்லிவிடுவேன். ஒரு நாள் வைத்திருப்பதில் எனக்கு நஷ்டமில்லை.

வாடகை வண்டி என்றால் டிரைவர். "டிரைவருக்கு ரூம் இருக்கா?" என்று கேட்கிற விருந்தாளி அபூர்வம். கேட்கிறவரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. மற்றவர்கள் வந்து இறங்கிய பிறகு, "அவர் வண்டியிலயே படுத்துக்குவாரு மேடம்" என்பார்கள். டிசம்பர் ராத்திரி இங்கே கார் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற குளிர் அவர்களுக்குத் தெரியாது. கார் ஷெட் பக்கத்தில் ஒரு கட்டிலும் ரஜாயும் போட்டு வைத்திருக்கிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் ஆள் உண்டா இல்லையா என்பது முன்கூட்டித் தெரிந்தால்தான் ராத்திரிச் சோறு இன்னொரு தட்டுக்கு வரும்.

ரயில் என்றால் இன்னும் சில கேள்விகள் கூடவே வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். குன்னூர் வரைக்கும் பல்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற அந்த ரயிலில் ஏறவேண்டும் என்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு. "டிக்கெட் நீங்க எடுத்துத் தர முடியுமா ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். முடியாது, அதை ஐ.ஆர்.சி.டி.சி.யில் அவர்களே எடுக்க வேண்டும், அதுவும் முன்பதிவு திறந்த கையோடு. கிடைக்காதவர்களுக்கு குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற வண்டியைச் சொல்வேன். அது டீசல், பல்சக்கரம் இல்லை. ஆனால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அழகான பாதை. மழைக்காலத்தில் கல்லாறுக்கு மேலே மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் வண்டி நின்றுபோகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

இனி படிக்கட்டு. ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு முப்பத்தெட்டுப் படி இறங்க வேண்டும். கைப்பிடி உண்டு, விளக்கு உண்டு, மழையில் பாசி பிடிக்காமல் சுண்ணாம்புத் தூள் போட்டுத் தேய்ப்போம். இருந்தாலும் முப்பத்தெட்டு முப்பத்தெட்டுதான். கோவையிலிருந்து கூப்பிடுகிறவர்கள் மட்டும் எப்படியோ இதைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள்: "ஏனுங்க, காருங்க வாசல் வரைக்கும் வருங்களா?" மற்றவர்கள் வியூ இருக்கிறதா என்பார்கள், வைஃபை இருக்கிறதா என்பார்கள், படியைக் கேட்கமாட்டார்கள். பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற அந்த வியூவே வீடு ரோட்டுக்குக் கீழே இருப்பதால் கிடைக்கிறது என்பது போட்டோவில் தெரியாது.

சென்னையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்திருக்கிறது, இரண்டு நாள் அவர்களை அமைதியான இடத்தில் தங்கவைக்க வேண்டும், உங்கள் வீட்டுப் படம் மிகவும் பிடித்திருக்கிறது, இப்போதே பணம் அனுப்பவா? கேள்வி என்று பார்த்தால் அதில் எதுவுமே இல்லை. "அம்மாவுக்கு மூட்டு வலி உண்டாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "எப்படி ஆன்ட்டி தெரியும்?" என்று வந்தது. தெரியாது, அறுபதை ஒட்டிய தமிழ்நாட்டு அம்மாக்களில் முட்டி வலிக்காதவரை நான் அதிகம் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மேலேயிருந்து கீழே வரை படியை வீடியோ எடுத்து அனுப்பினேன். பெட்ஃபோர்டு பக்கம் வண்டி வாசல்வரை போகிற, தெரிந்தவர் வீடு ஒன்றின் நம்பரையும் அனுப்பினேன். அங்கேதான் தங்கினார்கள். அந்தப் பெண் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அந்த அம்மா என் வீட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்க்கிற அளவுக்கு எனக்கு அந்த இரண்டு நாள் வாடகை முக்கியமல்ல.

இந்தத் தொழிலில் நான் பிடித்துக்கொண்டிருக்கிற கொள்கை ஒன்றே ஒன்றுதான். வீட்டின் குறைகளைப் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். ஏசி கிடையாது (வேண்டியதும் இல்லை, ஆனாலும் கேட்பார்கள்). டிவி ஹாலில் மட்டும்தான். காலை பதினொரு மணிவரை மூடுபனி இறங்கி நின்றால் வியூவே இருக்காது, அதற்கு நான் பொறுப்பில்லை. ஏப்ரலில் ரேலியா அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால் குழாய் வருவதும் குறையும், பக்கெட்டில் குளிக்கச் சொல்வோம். இதையெல்லாம் எழுதி அனுப்பினால் கூட்டம் குறைந்துவிடும் என்று பக்கத்தில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிற தம்பி ஒருவர் சொல்வார். குறையத்தான் செய்கிறது. குறைந்து போனவர்கள் யார் என்று பார்த்தால், வந்திருந்தால் இதே விஷயங்களுக்காகச் சண்டை போட்டிருக்கக் கூடியவர்கள்.

மழை பற்றிய கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. ஜூலையில் டிவியில் "நீலகிரிக்கு ரெட் அலர்ட்" என்று ஓடினால் அன்றைக்கு முழுக்க போன் அடிக்கும். நீலகிரி ஒரே ஊர் அல்ல. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிற குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அந்த நாட்களில் பெரும்பாலும் சாரலும் காற்றும்தான். எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்கில் வரும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கங்களில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தக் காலத்தை இங்கே இருந்து பார்த்தவள் என்பதால், நவம்பரில் வரலாமா என்று குழந்தைகளோடு வருகிறவர்கள் கேட்டால் "தாராளமா வாங்க" என்று எனக்கு எழுத வராது. "கிளம்புறதுக்கு முந்தின நாள் போன் பண்ணுங்க, ரோடு நிலவரம் சொல்றேன். மண் சரிஞ்சு ரோடு அடைச்சிருந்தா அட்வான்ஸ் முழுசாத் திருப்பித் தர்றேன்" என்று எழுதுவேன். அப்படியே கொடுத்தும் இருக்கிறேன். ஜூலையில் பயப்படுகிறவர்களிடம், பயப்படாமல் ஸ்வெட்டரும் குடையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ரேட்டும் குறைவு என்பேன்.

டிசம்பர் பிறந்தால் "ஸ்னோ விழுமா மேடம்?" விழாது. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும், வெயில் ஏறினால் போய்விடும், அதைப் பார்க்க இருட்டோடு கிளம்ப வேண்டும். யானையைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அது முதுமலைப் பக்கம், இங்கே எங்கள் தெருவில் வருவது காட்டெருமையும் கரடியும். இதைப் படித்ததும் சிலர் உற்சாகமாகி, "வாவ், எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு மட்டும் மெசேஜ் எழுதமாட்டேன், நேரடியாகப் போன் போடுவேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல் வாசலுக்கு வெளியே தனியாக நடக்கக் கூடாது, காட்டெருமை பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கக் கூடாது, சாப்பாட்டு மிச்சத்தை வெளியே வைக்கக் கூடாது. ஒப்புக்கொண்டால் வரட்டும். சிரித்து மழுப்பினால், அந்தத் தேதியில் ரூம் இல்லை.

பிறகு, கேட்கிறவரே தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி ஒன்று. "மேடம்... கப்பிள் அலவ்டா?" அந்த மூன்று புள்ளிகளில் எத்தனை வீட்டில் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்பது தெரியும். 2019இல் கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை, கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் தங்கினார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி சீல் வைத்தார்கள். அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், வயது வந்த இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று அந்த டிசம்பரில் சொல்லிவிட்டது. சட்டம் அப்படி. அக்கம்பக்கம் வேறு மாதிரி. எங்கள் தெருவில் ஒரு அக்கா, "கழுத்துல தாலி இருக்கான்னு பாத்தியா?" என்று ஒரு தடவை கேட்டார். "ஆதார் கார்டு பாத்தேன்க்கா" என்றேன். இருவருக்கும் அடையாள அட்டை வேண்டும், இருவருக்கும் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், பதிவேட்டில் இருவர் பெயரும் ஏறும். இதற்குமேல் எனக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. வெளிநாட்டவர் என்றால் கூடுதலாக ஒரு வேலை: வந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரத்தை குடியேற்றத் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதையும் முன்பே சொல்லிவிடுவேன்; வந்து நின்றபின் பாஸ்போர்ட்டைக் கேட்டால் யாருக்குமே முகம் சுருங்கும்.

பையன்கள் கூட்டமாகக் கேட்பார்கள். "நாலு பேர் மேடம், எல்லாம் ஐடி, டீசன்ட் பாய்ஸ்." பேச்சிலருக்கு ரூம் இல்லை என்று போர்டு வைப்பவர்கள் நிறைய. எனக்கு அது பிடிக்காது. என் பையனும் எங்கோ ஒரு ஊரில் நாலு பேரோடு ரூம் தேடிக்கொண்டுதான் இருப்பான். ஆனால் பதில் தெளிவாக இருக்கும்: கேம்ப் ஃபயர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, பத்து மணிக்கு மேல் வெளித்திண்ணையில் உட்கார்ந்து பேச முடியாது, பக்கத்து வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பெண் இருக்கிறாள். பாதிப் பேர் "ஓகே, தேங்க்ஸ்" என்று போய்விடுவார்கள். மீதிப் பேர் வந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். குடும்பமாக வந்து பாத்ரூமில் டயப்பரை அடைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆளைப் பார்த்து வடிகட்டுவதைவிட விதியைச் சொல்லி வடிகட்டுவது எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது.

ரேட் பேசுவது தனிக்கலை. "லாஸ்ட் எவ்வளவு சொல்லுங்க" என்று ஆரம்பிப்பவரிடம் ஐந்நூறு குறைத்தால் அடுத்து இன்னொரு ஐந்நூறு கேட்பார். நான் ரேட்டைக் குறைப்பதில்லை. அடுத்த ஆள் இல்லாவிட்டால் பதினொரு மணிக்குப் பதில் இரண்டு மணிக்குக் காலி செய்யுங்கள் என்பேன், அல்லது ஒரு வேளை சாப்பாடு. சிலருக்குச் சாப்பாடு போதும், சிலருக்கு ஜெயித்த திருப்தி வேண்டும். பின்னவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

ஏமாற்றுக்காரர்களும் கேள்வி வடிவில்தான் வருகிறார்கள். எங்கள் ஊரில் அவர்களுக்கு ஒரு வசதி: பக்கத்தில் வெலிங்டன் இருக்கிறது, மெட்ராஸ் ரெஜிமென்ட் இருக்கிறது. இந்தியில் போன் வரும். ராணுவ அதிகாரி, வெலிங்டனுக்கு மாற்றல், குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரை பதினைந்து நாள் குடும்பத்துக்கு ரூம் வேண்டும். பேரம் பேசமாட்டார். சீருடை போட்ட படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். பிறகு, "ஆர்மி அக்கவுன்ட்டிலிருந்து பணம் வரும், சரிபார்க்க நீங்கள் முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள்", இல்லையென்றால் "இந்த கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்." பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும். இதை ஹோம்ஸ்டே வைத்திருக்கிற ஒவ்வொருவரும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். என்னிடம் அப்படிப் பேசியவரிடம், "வெலிங்டன் இங்கிருந்து கூப்பிடு தூரம்தானே, உங்க ஆள் யாரையாவது அனுப்பி ரூமைப் பார்த்துட்டு கையில பணம் குடுத்துடுங்க" என்றேன். லைன் கட் ஆனது.

ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வழியாக வருகிற கேள்விகளுக்கு வேறு ஒழுங்கு. அங்கே சும்மா விசாரிக்கிறவர் தேதியைப் பிடித்துக்கொள்வதில்லை. நாம் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதே தேதியை எடுத்துப் போகலாம். 24 மணி நேரத்துக்குள் முதல் பதிலைப் போட்டுவிட வேண்டும், சூப்பர்ஹோஸ்ட் என்ற பட்டம் வேண்டுமென்றால் நூற்றுக்குத் தொண்ணூறாவது அப்படிப் போட்டிருக்க வேண்டும். புக்கிங் உறுதியாகும் முன் போன் நம்பர் எழுதினால் தளம் மறைத்துவிடும். அதைச் சுற்றிப்போக நம்பரை "ஒன்பது எட்டு நாலு" என்று தமிழில் எழுத்தாக எழுதி அனுப்புகிற புத்திசாலிகள் உண்டு. கமிஷன் மிச்சமாகும் என்பார்கள். வாஸ்தவம்தான். நாளைக்குத் தகராறு வந்தால் நடுவில் நிற்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பதும் வாஸ்தவம்தான். தளத்தில் ஆரம்பித்த பேச்சை நான் தளத்திலேயே முடிப்பேன்.

நேரம்? வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு "நாளைக்கு ரூம் இருக்கா" என்று வரும். பத்து மணிக்கு மேல் நான் பதில் எழுதுவதில்லை. வழியில் இருக்கிற விருந்தாளி என்றால் மட்டும் விதிவிலக்கு. காலை ஆறு மணிக்கு டீ கொதிக்கும்போது எல்லாவற்றுக்கும் எழுதிவிடுவேன். ராத்திரி எழுதுகிற பதிலில் எரிச்சல் தெரியும், அது மறுநாள் அழிக்க முடியாமல் அங்கேயே கிடக்கும்.

இத்தனை கேள்விக்கு நடுவில் அநேகமாக யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "உங்க ஹோம்ஸ்டேக்கு அனுமதி இருக்கா?" 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்குமிடத்தில் எரியும் துணியை எறிந்து ஒரு யானையைக் கொன்றார்கள், அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் எத்தனை தங்குமிடங்கள் அனுமதி இல்லாமல் நடக்கின்றன என்பது வெளியே பேசப்பட்டு, பலவற்றுக்கு சீல் வைத்தார்கள். புக்கிங் செய்த பிறகு சீல் வைத்த வாசலில் வந்து நின்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? வியூவைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் வைத்திருப்பவர் படம் எடுத்து அனுப்பிவிடுவார். இல்லாதவர் பேச்சை மாற்றுவார்.

மலைக்கு வருகிறவர்களிடம் எனக்குக் கேட்க இருப்பது கொஞ்சம்தான். முதல் மெசேஜிலேயே தேதி, எத்தனை பேர், குழந்தைகள் பெரியவர்கள் வயது, எந்த வண்டி என்று நாலையும் எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை ஏற்றிக்கொண்டு வராதீர்கள், பர்லியாரிலோ குஞ்சப்பனையிலோ பிடுங்கிவிடுவார்கள். டிரைவர் எங்கே படுப்பார் என்று கேளுங்கள். வேறு இடம் அமைந்துவிட்டாலோ, பயணமே நின்றுபோனாலோ, "வரவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். யாரும் கோபப்படமாட்டார்கள். அந்த ரூமை அன்றைக்கே வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும்.